வருஷங்களை மட்டும் விற்கவில்லை

ஈரி, பென்சில்வேனியா
ஜனவரி 9, 2000

கான்ராடுக்கு,

போனில் பேசினால் இரண்டு நிமிஷத்தில் நம்மில் யாராவது ஒருவர் ரிசீவரை வைத்துவிடுகிறோம். அதனால் எழுதுகிறேன். கடிதத்தில் குறுக்கே பேச முடியாது. அது இருவருக்குமே நல்லது.

வக்கீல் ஹாலோரன் கூப்பிட்டு உயிலைப் படித்துக் காட்டினார். தூர்வாரும் கம்பெனியை அப்பா முன்பே விற்றுவிட்டது உனக்குத் தெரியும். வீடு எனக்கு. ஏரிக்கரை நிலம் உனக்கு. கால்பந்து கிளப் மட்டும் ஆளுக்குப் பாதி. ஹாலோரன் கண்ணாடியைக் கழற்றி மேஜையில் வைத்துவிட்டு, "ரோனி, இது எனக்கே பிடிக்கல. ரெண்டு பேரும் கையெழுத்துப் போடாம மைதானத்து நாற்காலியக்கூட விக்க முடியாது. உங்கப்பா காஸ்கிட்ட எவ்வளவோ சொல்லிப் பாத்தேன், காதுலயே வாங்கல" என்றார்.

அப்பா ஏன் இப்படிச் செய்தார் என்று என்னைக் கேட்காதே. எனக்கும் சொல்லவில்லை.

அடக்கம் முடிந்து சர்ச் ஹாலில் நீ சொன்னதை நான் மறக்கவில்லை. ஊரே உட்கார்ந்து சாப்பிட்டுக்கொண்டிருக்கும்போது, "அக்கா, இந்தச் சேத்துக் கிளப்ப வித்துத் தொலைச்சுட்டு இனிமேயாவது மனுஷியா வாழு" என்றாய். புருஷன் என்ற உரிமையில் டேல் என் கையைப் பிடித்து வெளியே கூட்டிப் போயிருக்காவிட்டால் உருளைக்கிழங்கு சாலட் கிண்ணம் உன் தலையில் இருந்திருக்கும். அதைச் செய்யவில்லையே என்ற வருத்தம் கொஞ்சம் இருக்கிறது.

இப்போது வேலை. இந்த வருஷமும் நம் டிரெட்ஜர்ஸ் கிளப் ஆடுகிறது என்று லீக்குக்கு எழுதிக் கொடுக்க வேண்டும். உன் கையெழுத்தும் தேவை. காகிதம் இதோடு இருக்கிறது. போட்டு அனுப்பு.

ரோனி

*

டூசான், அரிசோனா
ஜனவரி 26, 2000

அக்காவுக்கு,

கையெழுத்துப் போட்டிருக்கிறேன். இந்த ஒரு சீசனுக்கு மட்டும்.

நான் சொன்ன விதம் தப்பு, ஒத்துக்கொள்கிறேன். ஆனால் சொன்ன விஷயத்தை யோசித்துப் பார். இரண்டாம் பிரிவில் இருபத்தியொரு வருஷம். எல்லோரையும் ஜெயித்தாலும் முதல் பிரிவுக்குப் போக முடியாது. வேறு நாடுகளில் ஜெயித்தால் ஏறலாமாம். இங்கே பெரும்பணம் கட்டி இடம் வாங்கினால்தான் ஏணி. நாம் கடைசியில் வந்தாலும் கீழே இறக்க மாட்டார்கள். ஏறவும் முடியாது, இறங்கவும் முடியாது. இதற்காக நீ ஏப்ரல் மாதப் பனியில் மைதானத்துக்குக் கோடு போட்டுக்கொண்டிருக்கிறாய்.

இன்னொரு விஷயம். ரீனோவிலிருந்து கிரெஸ்வெல் என்பவர் என்னைக் கூப்பிட்டார். வீடு கட்டி விற்கிறவர். புது மைதானம் கட்டுகிறார், ஆனால் அதில் ஆட லீக்கில் இடமில்லை. புது இடம் கேட்டால் வருஷக்கணக்கில் காக்க வேண்டும். நம் இடத்தை வாங்கினால் உடனே ஆடலாம். நான் சரி என்றும் சொல்லவில்லை, முடியாது என்றும் சொல்லவில்லை.

எனக்கு அந்தக் கிளப்பிடம் பாசம் எதுவும் இல்லை என்பது உனக்குத் தெரியும், ஏன் என்பதும் தெரியும். 1983, மார்ச். பயிற்சி முடிந்து வெளியே வருகிறேன். அப்பா லாரியில் சாய்ந்து நிற்கிறார், முழங்கால் வரை சேற்றுப் பூட்ஸ். "கான்ராட், நாளைக்கு நீ வர வேணாம்" என்றார். "நாளைக்கு மட்டுமா?" என்று கேட்டேன். "இல்ல" என்றார். பூட்ஸைப் பார்த்துவிட்டு, "வீட்டுக்குச் சாப்பிட வரியா?" என்றார். அவ்வளவுதான். சொந்த மகனை அணியிலிருந்து நீக்க அவருக்கு நாலு வார்த்தை போதுமாக இருந்தது. அந்த வாரமே நான் ஊரைவிட்டுக் கிளம்பினேன்.

இங்கே நீச்சல் குளம் கட்டித் தருகிறேன். யாரும் என்னை முதலாளி மகன் என்று கூப்பிடுவதில்லை. வெயிலில் நிம்மதியாக இருக்கிறேன்.

கிரெஸ்வெலுக்கு என்ன பதில் சொல்ல?

கான்ராட்

*

ஈரி
பிப்ரவரி 13, 2000

கான்ராடுக்கு,

கிரெஸ்வெலிடம் முடியாது என்று சொல்.

நீ ஓடிப்போன பிறகு நடந்ததெல்லாம் உனக்குத் தெரியாது. அடுத்த வருஷமே லீக் கலைந்தது. மற்ற ஊர்க் கிளப்புகள் எல்லாம் சட்டையை மடித்து வைத்துவிட்டு வீட்டுக்குப் போய்விட்டன. அப்பா மட்டும் விடவில்லை. ஆறு வருஷம் சர்ச் அணிகளோடும், கிளீவ்லாண்ட் ஹங்கேரியர்களோடும், யார் வந்தாலும் அவர்களோடும் ஆடினோம். அவர் படகில் சேறு அள்ளியவர்களே பாதிப் பேர் ஆட்டக்காரர்கள். புது லீக் வந்தது. அதன் பெயர் நாலு தடவை மாறியது. நம் பெயர் மாறவில்லை. '97இல் எல்லாப் பிரிவு அணிகளும் மோதும் ஓப்பன் கோப்பையில் முதல் பிரிவு அணி ஒன்று நம் ஊருக்கு வந்து, ஒன்றுக்கு இரண்டு என்று தோற்றுத் திரும்பியது. அன்று வெளியூர்க்காரர்கள், "ஏய் சேத்துப் பசங்களா, கால கழுவிட்டு வாங்கடா!" என்று கத்தினார்கள். நம் ஜனம் மொத்தமும் எழுந்து நின்று, "எங்க சேறு, எங்க ஊரு!" என்று பதில் கொடுத்தது. இப்போது அதுதான் நம் கோஷம். நகர மேயர்கூடக் கத்துகிறார்.

உன் லாரிக் கதையை எத்தனை முறை சொல்வாய்? நான் ஒரு முறை நேராகவே சொல்லிவிடுகிறேன். நீ சுமாராகத்தான் ஆடினாய். அப்பா அதை வீட்டிலேயே சொல்லியிருக்கிறார்: "பந்தக் குடுக்கத் தெரியுது. ஆனா திரும்பி ஓடி வரதுக்குள்ள எதிராளி டீ குடிச்சுட்டுப் போயிடறான்." இடதுபுறம் தடுக்க வேண்டிய லெஃப்ட் பேக் அப்படி ஆடினால் வேறு யாராக இருந்தாலும் முதல் மாதமே நிறுத்தியிருப்பார். மகன் என்பதால் இரண்டு சீசன் வைத்திருந்தார். அதுதான் நடந்தது.

ரோனி

*

டூசான்
பிப்ரவரி 24, 2000

ரோனி,

நன்றி. பதினேழு வருஷமாக யாரும் சொல்லாததை நீ சொல்லிவிட்டாய். ஆட்ட அட்டவணை, டிக்கெட் விலை எதுவும் எனக்கு அனுப்ப வேண்டாம். கையெழுத்து வேண்டுமென்றால் ஹாலோரன் மூலம் கேள்.

கான்ராட் வீசோரெக்

*

ஈரி
மே 7, 2000

கான்ராடுக்கு,

ஹாலோரன் மூலம் எழுதினால் அவர் அதற்கும் கட்டணம் போடுவார். அதனால் நானே எழுதுகிறேன்.

உன் முழுப் பெயர் எனக்குத் தெரியும், கையெழுத்தில் அதை எழுதியிருக்க வேண்டாம்.

சீசன் தொடங்கிவிட்டது. நம் மைதானத்திலேயே ஆடும் பேஸ்பால்காரர்களின் மண்மேட்டை இந்த வருஷமும் நாம்தான் சுரண்டி எடுத்தோம். முதல் மூன்று ஆட்டத்தில் ஒன்றில் வெற்றி, ஒன்றில் தோல்வி, ஒன்று பனிமழையில் பாதியில் நின்றது. கெல்வின் பாப்டிஸ்ட்தான் இப்போது பயிற்சியாளர். நீ போனதும் உன் இடத்துக்கு டிரினிடாடிலிருந்து வந்தவர். இங்கேயே கல்யாணம் செய்துகொண்டு இங்கேயே தங்கிவிட்டார். ஒரு பையன் இந்த வருஷம் லெஃப்ட் பேக் ஆடுகிறான், போஸ்னியாவிலிருந்து வந்த குடும்பம், ஜாஸ்மின் என்று பெயர். அங்கே ஆண்களுக்கும் அந்தப் பெயர் உண்டாம். முதல் நாள் நான் அவனுக்குப் பெண்கள் சட்டை எடுத்து வைத்துவிட்டேன்.

பிப்ரவரியில் எழுதியது உண்மைதான். ஆனால் அதை அந்த மாதிரி எழுதியிருக்க வேண்டாம் என்று டேல் சொல்கிறார். டேல் சொல்வதை இங்கே பதிவு செய்கிறேன்.

ஜூன் 10, அணி உன் பக்கம் ஃபீனிக்ஸுக்கு வருகிறது. அட்டவணை அனுப்பாதே என்றாய், அனுப்பவில்லை. தேதியை மட்டும் சொன்னேன்.

ரோனி

*

டூசான்
ஜூன் 19, 2000

அக்காவுக்கு,

போனேன். காரில் இரண்டு மணி நேரம்தான், வேறு வேலையும் இருந்தது என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டு போனேன். ஃபீனிக்ஸில் எனக்கு ஒரு வேலையும் இல்லை.

சூரியன் இறங்கிய பிறகும் அனல். உள்ளூர்க்காரர்களே அதிகம் வரவில்லை. ஈரியிலிருந்து வந்து இங்கே குடியேறிய கிழவர்கள் ஐந்தாறு பேர் ஒரு மூலையில் உட்கார்ந்திருந்தார்கள். நான் அவர்களுக்கு நாலு வரிசை பின்னால், தொப்பியை இறக்கிவிட்டுக்கொண்டு உட்கார்ந்தேன். உள்ளூர்ப் பசங்கள் "சேறு! சேறு!" என்று ஆரம்பித்ததும் அந்தக் கிழவர்கள் எழுந்து நின்றார்கள். இந்தப் பாலைவனத்தில், "எங்க சேறு, எங்க ஊரு!" என்று இருமிக்கொண்டே கத்தினார்கள். எனக்குச் சிரிப்பு வந்தது. பிறகு நானும் கத்தினேன். யாருக்கும் கேட்டிருக்காது.

உன் ஜாஸ்மின் திரும்பி ஓடி வருகிறான். பார்த்தேன்.

இரண்டுக்கு இரண்டு. ஆட்டம் முடிந்து காரை எடுக்கப் போகும்போது பின்னாலிருந்து குரல். "கான்ராட் வீசோரெக்! உங்கப்பா மாதிரியே நடக்கறியே!" கெல்வின். நான் அவரை அதுவரை நேரில் பார்த்ததே இல்லை, அக்கா; அப்பாவின் அடக்கத்தின்போதும் அவர் டிரினிடாடில் இருந்தாராம். பார்க்காமலே பதினேழு வருஷம் வெறுத்திருக்கிறேன். பக்கத்துக் கடைக்கு இழுத்துக்கொண்டு போய் எனக்கும் சேர்த்து முட்டையும் இறைச்சியும் சொன்னார்.

"உன் எடத்துக்கு வந்தவன் நான். எம்மேல கோவமா?" என்று நேராகவே கேட்டார்.

"இருந்துச்சு" என்றேன்.

"எனக்கும் உம்மேல இருந்துச்சு."

"என்மேல எதுக்கு?"

"வந்த முத மாசம் குளிருல மூச்சுவிட வரல. கால் மரத்துப்போச்சு. பந்து காலத் தாண்டிப் போற ஒவ்வொரு தடவையும் மேலேருந்து கத்தறாங்க, 'கான்ராட் எங்க? கான்ராடக் கூப்பிடு!'ன்னு. அந்த ஊர்ல நான் முதல்ல கத்துக்கிட்ட பேரே உன் பேருதான்யா. யாருடா இந்த மகராசன்னு தேடினேன். நீ ஊர்லயே இல்ல."

எனக்கு இது தெரியாது. யாரும் எனக்குச் சொல்லவில்லை. அந்த வாரமே கிளம்பிவிட்டேன், யார் சொல்வார்கள்?

நான் நல்ல ஆட்டக்காரன் என்று இதற்கு அர்த்தமில்லை, அது எனக்குப் புரிகிறது. கெல்வினும் அப்படிச் சொல்லவில்லை. "உன் ஆட்டத்தப் படச்சுருள்ல பாத்தேன், ரொம்ப மெதுவு" என்றுதான் சொன்னார். இருந்தாலும் அன்று வீடு திரும்பும்போது ரேடியோ போடாமல் வந்தேன்.

கிரெஸ்வெல் மறுபடியும் கூப்பிட்டார். போனை எடுத்த வேலைப் பையனிடம், நான் இல்லை என்று சொல்லச் சொன்னேன்.

கான்ராட்

*

ஈரி
ஜூலை 10, 2000

கான்ராடுக்கு,

கிரெஸ்வெலைக் கூப்பிடு. விற்கலாம்.

லீக்கிலிருந்து ஆட்கள் வந்து அளந்தார்கள். மைதானத்தின் அகலம் போதாது, விளக்கு போதாது, அடுத்த வருஷத்துக்குள் மாற்ற வேண்டும் என்கிறார்கள். மைதானம் நகராட்சியுடையது. நகராட்சி ஒரு பொறியாளரை அனுப்பியது. அவர் விளக்கைப் பார்க்காமல் மேற்குப் படிக்கட்டுகளைப் பார்த்துவிட்டு, மரம் உளுத்துவிட்டது என்று கயிறு கட்டிவிட்டுப் போய்விட்டார். மேற்குப் பக்கம்தான் நம் பழைய ஆட்கள் உட்காரும் இடம். டோலோரஸ் கிராபோவ்ஸ்கி முதல் சீசனிலிருந்து ஒரே இருக்கை. அவள் கயிற்றைத் தூக்கிவிட்டு உள்ளே போய் உட்கார்ந்துகொண்டாள். போலீஸ் வந்து எழுப்ப வேண்டியதாயிற்று. "ரோனி, உங்கப்பா இருந்தா இப்படி நடக்குமாடி?" என்று எல்லோர் முன்னாலும் கேட்டாள். நான் கயிற்றைத் திரும்பக் கட்டினேன்.

ஒன்று சொல்கிறேன், இதை நீ யாரிடமும் சொல்லாதே. சனிக்கிழமை காலை கண் விழித்ததும் ஜன்னலைப் பார்த்து, இடி மின்னல் வரட்டும், ஆட்டம் நிற்கட்டும் என்று வேண்டிக்கொள்கிறேன். இந்த வருஷம் ஒவ்வொரு சனிக்கிழமையும். இப்படி வேண்டிக்கொள்கிறவள் ஒரு கிளப்பை நடத்தக் கூடாது.

ஒரு கோடைகாலமாவது எங்கேயாவது போகலாம் என்று முன்பெல்லாம் டேல் சொல்வார், இப்போது அதையும் நிறுத்திவிட்டார்.

நீ சொன்னதுதான் சரி. பேசி முடி.

ரோனி

*

டூசான்
ஜூலை 21, 2000

அக்காவுக்கு,

நான் கையெழுத்துப் போடப்போவதில்லை.

கிரெஸ்வெலிடம் பேசினேன். ஒப்பந்தத்தை அனுப்பினார். லீக்கில் நமக்கிருக்கும் இடம் மட்டும்தான் அவருக்கு வேண்டும் என்று நினைத்திருந்தேன். அப்படி இல்லை. பெயர் வேண்டாமாம், "தூர்வாருகிறவன்னு பேரு வச்சா எவன் டிக்கெட் வாங்குவான்?" என்று சிரிக்கிறார். ஆனால் வருஷங்கள் வேண்டுமாம். எல்லா ஆட்டங்களும், கோல்களும், '97 கோப்பை வெற்றியும் ரீனோவின் கணக்கில் சேர வேண்டும். புது அணியின் சட்டையில் '1979 முதல்' என்று போடப்போகிறார். புதுக் கிளப் என்றால் ஜனங்கள் மதிக்க மாட்டார்கள், பழைய கிளப் என்றால் மதிப்பார்கள் என்று விளக்குகிறார்.

ரீனோவில் 1979இல் நம்மைப் பற்றி எவனுக்குத் தெரியும்? அப்பா சேற்றுப் படகை நிறுத்திவிட்டு ஆட்டத்துக்கு வந்தது ரீனோவிலா?

கெல்வினிடம் பேசினேன். ஆதரவாளர்களிடம் பங்கு விற்கலாம் என்கிறார். நான் ஏரிக்கரை நிலத்தை விற்கிறேன். மேற்குப் படிக்கட்டை நாமே கட்டலாம். யோசி.

கான்ராட்

*

ஈரி
ஆகஸ்ட் 6, 2000

கான்ராடுக்கு,

பதினேழு வருஷம் விற்றுத் தொலை என்று சொன்னாய். நான் விற்கிறேன் என்றதும் கூடாது என்கிறாய். ஒரே ஒரு ஆட்டம் பார்த்தாய், முட்டையும் இறைச்சியும் சாப்பிட்டாய், இப்போது நீ டிரெட்ஜர்ஸின் காவலன்.

வருஷங்களாம். அவற்றை வைத்து நான் என்ன செய்ய? ஊறுகாய் போடவா? எடுத்துக்கொண்டு போகட்டும்.

படிக்கட்டை நாமே கட்டலாம் என்கிறாய். யார் 'நாம்'? நீ நீச்சல் குளத்தோரம் உட்கார்ந்து கட்டுவாயா? கெல்வின் பங்கு விற்கலாம் என்கிறார் என்றால், பங்கு விற்பதும், விற்ற பிறகு பங்கு வாங்கியவர்கள் வீட்டுக்குக் கூப்பிட்டுத் திட்டும்போது கேட்டுக்கொள்வதும் யார்?

வா. விமானம் ஏறி வா. ஒரு வாரம் என் வேலையைச் செய். அதற்குப் பிறகு நீ என்ன சொல்கிறாயோ அதைச் செய்கிறேன்.

ரோனி

*

டூசான்
செப்டம்பர் 27, 2000

அக்காவுக்கு,

நேற்றுதான் வந்து சேர்ந்தேன். கையில் இன்னும் கோடு போடும் சுண்ணாம்பு ஒட்டியிருக்கிறது, எத்தனை தேய்த்தாலும் போகவில்லை.

அங்கே வைத்து உன்னிடம் சொல்ல முடியவில்லை, நீ ஓரிடத்தில் நிற்கவே இல்லை. அதனால் எழுதுகிறேன்.

திங்கட்கிழமை சட்டைகளைத் துவைத்தேன். துவைக்கும் இயந்திரம் சேற்றைத் தின்று நின்றுபோனது. செவ்வாய்க்கிழமை அதைப் பழுது பார்த்தேன். புதன்கிழமை விருந்தாளி அணியின் பஸ்ஸுக்கு எங்கே நிற்பது என்று சொல்ல ஆள் இல்லை, நான் சாலையில் நின்று கை காட்டினேன். டிரைவர் இறங்கி வந்து, "யோவ், நீ யாரு? வழக்கமா ஒரு அம்மா நின்னு திட்டுவாங்களே, அவங்க எங்க?" என்று கேட்டான். வியாழக்கிழமை, காணாமல் போன பந்துகளைத் தேடிக் கால்வாயில் இறங்கினேன். வெள்ளிக்கிழமை டோலோரஸ் வந்தாள். பதினேழு வருஷம் கழித்துப் பேசுகிறாள், நலமா என்று கேட்கவில்லை. "நீ விக்கப் போறியாமே?" என்றாள். "நான் விக்க மாட்டேன்னு சொல்றேன், அக்காதான் விக்கணும்ங்கறா" என்றேன்.

"அவள விட்டுடுப்பா" என்றாள். "எனக்கு அந்த சீட்டு வேணும்தான். அதுக்காக அவ சாகணுமா?"

சனிக்கிழமை ஆட்டம் முடிந்து, எல்லாவற்றையும் பூட்டிவிட்டு வந்தால், நீ காரில் சாவியைப் பிடித்தபடி தூங்கிக்கொண்டிருந்தாய். டேல் பக்கத்து சீட்டில் உட்கார்ந்திருந்தார். என்னைப் பார்த்ததும் உதட்டில் விரல் வைத்தார். "எல்லா சனிக்கிழமையும் இப்படித்தான். அர மணி நேரம் கழிச்சு அவளே எழுந்து ஓட்டுவா. நான் ஓட்டறேன்னா விடமாட்டா" என்றார். நான் வெளியே நின்றேன். அப்போதுதான் எனக்கு முடிவு தெரிந்தது.

விற்கலாம். நீ சொன்னபடியே. லீக்கில் நம் இடத்தை கிரெஸ்வெல் எடுத்துக்கொள்ளட்டும். ஆனால் பெயரும் வருஷங்களும் ஈரியில் இருக்க வேண்டும். அதற்காக அவர் விலையைக் குறைத்தால் அந்தக் குறை என் பாதியில் போகட்டும். நீ ஊறுகாய் போடுவதா என்று கேட்டாய். எனக்கு அதில் இரண்டு வருஷம் இருக்கிறது, அக்கா. இரண்டு சீசன், ஒரே ஒரு கோல், அதுவும் எதிராளி முதுகில் பட்டுப் போனது. ரீனோவில் யாரோ ஒருவன் அதைத் தன் கணக்கில் எழுதிக்கொள்வதை என்னால் பொறுக்க முடியாது.

கெல்வினிடம் பேசிவிட்டேன். வட்டார லீக்கில் ஞாயிற்றுக்கிழமைகளில், சம்பளம் இல்லாமல், டிரெட்ஜர்ஸ் என்ற பெயரிலேயே ஓர் அணியை நடத்துகிறாராம். டிக்கெட் கிடையாது. நீ எதுவும் செய்ய வேண்டியதில்லை என்று அவரிடம் சத்தியம் வாங்கியிருக்கிறேன்.

கான்ராட்

*

ஈரி
நவம்பர் 12, 2000

கான்ராடுக்கு,

கிரெஸ்வெல் வந்து போனார். நல்ல மனிதர், எனக்கு அவரைப் பிடிக்காமல் போனதற்கு அவர் காரணமில்லை. ஹாலோரன் அலுவலகத்தில் உட்கார்ந்தோம். வருஷங்கள் சம்பந்தப்பட்ட பத்தியை அடித்திருப்பதைப் பார்த்துவிட்டுப் பேனாவைக் கீழே வைத்தார்.

"மேடம், ஒண்ணு கேக்கறேன், தப்பா நெனக்காதீங்க. இத வச்சு நீங்க என்ன பண்ணப் போறீங்க?"

"ஒண்ணும் பண்ணப் போறதில்ல" என்றேன்.

"அப்ப எங்களுக்குக் குடுத்தா என்ன? நாங்க நல்லா வச்சுப்போம். கண்ணாடி அலமாரியில வச்சு விளக்குப் போடுவோம்."

"அது உங்களுக்கு நடந்தது இல்லையே" என்றேன்.

எங்கிருந்து அந்த வார்த்தை வந்தது என்று எனக்குத் தெரியாது. ஊறுகாய் என்று உனக்கு எழுதியவள் நான். கிரெஸ்வெல் எழுந்து ஜன்னல் பக்கம் போய் ஏரியைப் பார்த்துக்கொண்டு நின்றார். பனி கொட்ட ஆரம்பித்திருந்தது. "இங்க எப்பவும் இப்படியா?" என்றார். "இது ஒண்ணுமே இல்ல" என்று ஹாலோரன் சொன்னார். கிரெஸ்வெல் திரும்பி வந்து விலையைக் குறைத்தார், கையெழுத்துப் போட்டார்.

குறைந்ததை உன் பாதியில் மட்டும் கழிக்க நான் ஒப்புக்கொள்ளவில்லை. சரிபாதியாகக் கழித்துவிட்டேன். இதைப் பற்றி மறுபடியும் எழுதாதே.

வெளியே வந்து காரில் உட்கார்ந்து அழுதேன். டேல் ஓட்டினார்.

ரோனி

*

டூசான்
மார்ச் 4, 2001

அக்காவுக்கு,

ரீனோவிலிருந்து கிரெஸ்வெல் அவர்களுடைய முதல் சீசன் சுவரொட்டியை அனுப்பியிருக்கிறார். மலை, குதிரை, பளபளவென்று எழுத்து. கீழே சின்னதாக '2001 முதல்' என்று போட்டிருக்கிறது. வாக்குக் கொடுத்தபடி நடந்துகொண்டார். நன்றாக ஆடட்டும் என்று பதில் எழுதினேன். அதை மனதாரத்தான் எழுதினேன்.

நீயும் டேலும் மேரிலாந்து கடற்கரைக்குப் போகப் போவதாக டேல் போனில் சொன்னார். பத்து நாளும் முழுசாக இரு. நாலாவது நாள் திரும்பிவிடாதே.

கான்ராட்

*

ஈரி
மே 20, 2001

கான்ராடுக்கு,

பத்து நாளும் இருந்தோம். எட்டாவது நாள் போரடித்தது, ஆனாலும் இருந்தோம்.

இன்று முதல் ஆட்டம். கல்லூரி மைதானத்தில், கிழக்குத் தெரு போஸ்னியர்களின் அணியோடு. ஜாஸ்மின் நம் பக்கம், அவனுடைய அண்ணன் அந்தப் பக்கம். அவர்களுடைய அம்மா நடுக்கோட்டில் நாற்காலி போட்டு உட்கார்ந்து இருவரையும் சமமாகத் திட்டிக்கொண்டிருந்தார். கெல்வின் தன்னுடைய காரிலேயே பந்துகளைக் கொண்டு வந்தார். டோலோரஸ் வீட்டிலிருந்து இறைச்சி பொதிந்த பெப்பரோனி உருண்டை சுட்டு எடுத்து வந்து, கேட்டவர்களுக்கும் கேட்காதவர்களுக்கும் கொடுத்தாள். படிக்கட்டு கிடையாது, புல்மேடுதான். நான் எதுவும் செய்யக் கூடாது என்று கெல்வின் வாசலிலேயே என்னை நிறுத்தி, கையிலிருந்த கொடிக்கம்பத்தைப் பிடுங்கிக்கொண்டார்.

டேலும் நானும் போர்வை விரித்து உட்கார்ந்தோம். ஆட்டம் தொடங்கியது. எனக்கு உட்காரவே தெரியவில்லை. கை சும்மா இருக்கிறது. பாதி நேரத்தில் எழுந்து போய்விடுவேன் என்று டேல் நினைத்தார், நானும் அப்படித்தான் நினைத்தேன். போகவில்லை.

உனக்கு ஒன்று சொல்கிறேன். ஆட்ட நாளில் நான் எப்போதும் டிக்கெட் கூண்டில், அல்லது துணி மாற்றும் அறை வாசலில், அல்லது பூட்டிக்கொண்டிருக்கும் கேட்டில். கோல் விழுந்ததை ஜனங்களின் சத்தத்தை வைத்துத்தான் தெரிந்துகொள்வேன். சந்தோஷச் சத்தம் என்றால் நம் கோல், முனகல் என்றால் அவர்களுடையது. '97 வெற்றியையும் அப்படித்தான் தெரிந்துகொண்டேன். நம்முடைய ஓர் ஆட்டத்தை ஆரம்பத்திலிருந்து முடிவு வரை உட்கார்ந்து பார்த்தது இன்றுதான்.

அழகாக இருந்தது. இதை யாரும் எனக்குச் சொல்லவே இல்லை. கால்பந்து இவ்வளவு அழகாக இருக்கும் என்று எனக்குத் தெரியாது.

நம் பையன் ஒருவன் தனியாகப் பந்தை எடுத்துக்கொண்டு போய் அடித்தான், உள்ளே போனது. நான் துள்ளி எழுந்து கத்தினேன். பக்கத்தில் யாரும் எழவில்லை. ஓரத்தில் நின்றவர் கொடியைத் தூக்கிக்கொண்டிருந்தார்.

"எதுக்குக் கொடியத் தூக்கறான் அவன்?" என்று டேலிடம் கேட்டேன்.

"ஆஃப்சைடு."

"அப்படின்னா?"

டேல் என் பக்கம் திரும்பினார். "ரோனி, நீ இருபத்தியொரு வருஷம் இந்தக் கிளப்ப நடத்தியிருக்க."

"அது வேற வேல" என்றேன். "இப்ப சொல்லு."

அவர் நகர்ந்து வந்து, புல்லில் மூன்று உருண்டைகளை வைத்து, இது கோல்கீப்பர், இது தடுக்கிறவன், இது நீ என்று சொல்லிக் கொடுக்க ஆரம்பித்தார். பாதியில் டோலோரஸ் வந்து ஒரு உருண்டையை எடுத்துத் தின்றுவிட்டாள்.

ரோனி